சுருள் கேபிளுக்கு ஒரு பரீட்சை

ஞாயிற்றுக்கிழமை காலை, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது, மிதப்பு ஒரு சபதம் எடுத்தார். பாதி முகத்தில் நுரை இருந்தது. சபதத்துக்கு அது ஒரு குறையாக அவருக்குப் படவில்லை.

"இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளையாவது நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்து வாங்குவேன். யாரையும் கேட்க மாட்டேன்."

கண்ணாடிக்குள் இருந்தவர் தலையாட்டினார். அவர் எப்போதுமே தலையாட்டுகிறவர்தான்.

இப்படி ஒரு சபதம் தேவைப்பட்டது. ஜன்னல் திரை மனைவி எடுத்தது. சோபா மனைவி எடுத்தது. அவருடைய சட்டை, செருப்பு, மூக்குக்கண்ணாடியின் ஃபிரேம் எல்லாம் மனைவி எடுத்தது. கல்யாணமாவது தான் எடுத்த முடிவு என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். அதுவும் அப்படி இல்லை என்று மச்சினன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான்.

மிதப்பு என்பது அச்சகத்தில் வைத்த பெயர். அங்கே அவருக்குத் தாள் மடிக்கும் இயந்திரத்தில் வேலை. அது நாள் முழுக்கத் தடதடவென்று கத்தும். அவர் அதன் பக்கத்தில் அரைக்கண் மூடி நின்று, அந்தத் தடதடப்புக்கு மேலே மனசுக்குள் ஒரு மெட்டைப் பறக்கவிட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை சோப்பு விளம்பரத் தாள் ஒரு கட்டு முழுக்கத் தலைகீழாக மடிந்து வந்தது. மேலாளர் வந்து, "ஏன்யா, உனக்குத் தரையில கால் பாவுதா இல்லையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மிதப்பு.

வாங்கப்போகிற பொருள், எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு கேபிள். அதற்கும் காரணம் இருந்தது. அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு கிட்டார் உண்டு. அதன் மேல்சுரக் கம்பியை லேசாகத் தொட்டுவிட்டால் சுரம் எழும்பும். எழும்பி, அடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அதன் நுனியில் ஒரு மினுக்கம் தெறிக்கும். வெயிலில் ஒரு ஜன்னல் கண்ணாடி திரும்பும்போது ஒரு கணம் மின்னுமே, அவ்வளவுதான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்கத் தாள் மடித்தார். ஒரு வருஷமாக அதைக் காணவில்லை. சுரம் வருகிறது, போகிறது, நுனி மட்டும் மொட்டையாக இருக்கிறது.

கம்பிகளை மாற்றிப் பார்த்தார். சத்தத்தைப் பெருக்கும் ஆம்பில், கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பிப் பார்த்தார். ஊஹூம். கிட்டார் மேல் குற்றமில்லை. ஆம்ப் மேல் குற்றமில்லை. தன் கையைத் தானே சந்தேகிப்பது நியாயமில்லை. மிச்சம் இருந்தது கேபிள்தான்.

இன்னொன்றும் மிச்சம் இருந்தது. அதன் பக்கம் அவர் போகவில்லை.

அவர் மனைவிக்குக் காது பரிசோதிக்கும் கிளினிக்கில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும். கேட்டும் கேட்காத மாதிரி இருப்பவர்கள், கேட்காமலே அமுக்குகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவள். ஒரு வருஷமாக வீட்டில் ஒரே பல்லவி.

"ஏங்க, வாஷிங் மெஷின் முடிஞ்சு எவ்வளவு நேரமாக் கத்துது. துணியை எடுத்துக் காயப்போடக் கூடாதா?"

"கத்தவே இல்லையே."

"கத்துச்சு."

"நான் பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்?"

"அதனாலதான் சொல்றேன். ஒரு நாள் கிளினிக்குக்கு வாங்க. உக்காந்து பொத்தான் அமுக்கறதுதான் வேலை."

"அச்சகத்துல வேலை தலைக்கு மேல கிடக்கும்மா."

வேலையாவது ஒன்றாவது. அவருக்குப் பயம். அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து, காதின் அளவைக் காட்டும் காகிதத்தில் ஒரு கோடு கீழே சரிந்துவிட்டால், அப்புறம் கிட்டாரை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதானே? போதாததற்கு அச்சகத்தின் ஆண்டு விழா வருகிறது. அதில் அவருடைய இசைக் குழு வாசிக்கிறது, அவருக்கு ஒரு தனி வாசிப்பு. மற்ற வாத்தியம் எல்லாம் ஓய்ந்து நிற்க, அவர் மட்டும் மேல்சுரங்களில் மெல்ல இறங்கி வர வேண்டும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. ஆகவே குற்றவாளி கேபிள்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, மீதி முகத்தையும் மழித்துக்கொண்டு கிளம்பினார்.

இசைக் கருவிக் கடையில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து வந்து, வரிசையாகத் தொங்கிய கிட்டார்களின் வயிற்றில் படுத்திருந்தது. மிதப்புக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. பின்சுவரில் கேபிள்கள் தொங்கின. நேர்க் கேபிள்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பழைய டெலிபோன் வயர்போலச் சுருள் சுருளாக.

அந்தச் சுருள்களைப் பார்த்தாரோ இல்லையோ, அவர் மேடைக்குப் போய்விட்டார். மேடை இருட்டாக இருந்தது. ஒரே ஒரு நீல வெளிச்சம். அவர் வாசித்துக்கொண்டே மேடையின் விளிம்புவரை நடக்கிறார். பின்னால் சுருள் மெல்ல விரிகிறது. திரும்பி வருகிறார். அதுவும் மெல்லச் சுருங்கி வருகிறது.

"என்ன வேணும்?" என்றார் கடைக்காரர். அநேகமாக இரண்டாவது தடவை கேட்டிருப்பார்.

"கேபிள். இருக்கிறதுலயே நல்லதா. மினுக்கணும்."

"எது மினுக்கணும்? கேபிளா, சத்தமா?"

"சத்தம்."

கடைக்காரர் நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரைப் பார்த்தார். "நீங்க அச்சகத்துல இருக்கிறவர்தானே?"

மிதப்புக்கு மார்பு விரிந்தது. புகழ் கடைத்தெருவரைக்கும் வந்துவிட்டதே! "ஆமா. எங்க வாசிப்பைக் கேட்டிருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் உள்ளே போய் ஒரு கரும்பச்சைச் சுருளை எடுத்துவந்தார்.

"சுவத்துல இவ்வளவு தொங்குதே?"

"அதெல்லாம் பாக்கறதுக்கு. இது வாசிக்கறதுக்கு. இழுத்து விடுங்க."

இழுத்து விட்டார். ஒவ்வொரு வளையமாக, அவசரப்படாமல், அது தன் இடத்துக்குத் திரும்பியது.

"சுருள்ல முதல்ல பாக்க வேண்டியது இதுதான். விட்டா திரும்பி வரணும். வராம தொளதொளன்னு தொங்கினா, சீக்கிரமே கால்ல சிக்கும். இப்ப பிளக்கோட மூடியைத் திருகுங்க. கழண்டுதா? அப்ப உள்ள ஈயம் உருக்கிப் பத்தவெச்ச கம்பி விட்டுப்போனாலும் திரும்பப் பத்தவெச்சுக்கலாம். ஒரேடியா ஒட்டி வெச்ச பிளாஸ்டிக்னா குப்பைக்குத்தான் போகும்."

"ஓ."

"ரெண்டு முனையிலயும் கொஞ்சம் சுருளாம நேரா விட்டிருக்கான் பாருங்க. கிட்டார்ப் பக்கத்து முனையைத் தோள்ல மாட்டற வாருக்குள்ள ஒரு சுத்து விட்டுட்டு மாட்டுங்க. இல்லைன்னா சுருள் இழுக்கிற இழுப்புல பிளக் கையோட வந்துரும்."

"எவ்வளவு தூரம் போகலாம்?"

"அட்டையில போட்டிருக்கறது முழுசா இழுத்த நீளம். அதை நம்பி நடக்காதீங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல போனாலே போதும் வான்னு இழுக்கும்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்."

கடைக்காரர் சிரித்துவிட்டு, முக்கியமானதைச் சொன்னார். "ஒண்ணை இப்பவே சொல்லிடறேன். சுருளுக்குள்ள கம்பி நிறைய ஒளிஞ்சிருக்கு. அவ்வளவையும் தாண்டிப் போறதுக்குள்ள கூர்மையான சத்தமெல்லாம் கொஞ்சம் மழுங்கித்தான் போகும். நல்ல சுருள்ல கம்மியா மழுங்கும். அவ்வளவுதான்."

கடைக்காரர் இதைச் சொன்னபோது மிதப்பு கடையில் இல்லை. நீல வெளிச்சத்தில் இருந்தார். மேலாளர் முதல் வரிசையில் கண் கலங்க உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. நல்ல காது உள்ளவங்க யாரையாவது பக்கத்துல வெச்சுக்குங்க. சரியில்லைன்னா நாளைக்குத் திருப்பிக் குடுங்க" என்றார் கடைக்காரர்.

இத்தனை மரியாதை தெரிந்த கடைக்காரரை மிதப்பு பார்த்ததே இல்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரம். கூடத்தில் திரை மெல்ல உப்பி உப்பி அடங்கியது. ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. தோள்வாருக்குள் ஒரு சுற்று விட்டு, பிளக்கை மாட்டி, மேல்சுரக் கம்பியைத் தொட்டார். பால்கனிவரை நடந்தார். சுருள் விரிந்தது. கதவருகே போனதும் மெதுவாக இடுப்பைப் பிடித்து இழுத்தது. திரும்பி நடந்தார். எத்தனை அழகு! கடையில் பார்த்த கனவில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் அப்படியே இருந்தது.

மினுக்கம் மட்டும் வரவில்லை.

இன்னொரு தடவை தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். சுரம் உருண்டையாக வந்து, மொட்டையாகப் போனது. மிதப்பு சோபாவில் உட்கார்ந்தார். போகாமல் விட்ட அந்தப் பக்கம் தானாக அவரைத் தேடி வந்துவிடும்போல இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. கதவு திறந்த சத்தத்தில் அது உள்ளேயே நின்றுவிட்டது.

மனைவி சுருளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"புதுசா?"

"நானே எடுத்தது. நானே பாத்து."

"நல்லா இருக்குங்க. பழைய கேபிளுக்கும் இதுக்கும் சத்தத்துல வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுதாவா? மலைக்கும் மடுவுக்கும்!"

"அப்படியா?"

"இந்த மாதிரி காது இருக்கிறவனுக்குத்தான் அதெல்லாம் புரியும்."

வாய் தவறி வந்துவிட்டது. மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை. மிதப்பு அப்போதே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"அப்ப ஒரு பரீட்சை வெச்சுப் பாத்துடலாமே. நீங்க சுவத்தைப் பாத்து உக்காருங்க. நான் பின்னால நின்னு கேபிளை மாத்தி மாத்தி மாட்டறேன். எதுன்னு நீங்க சொல்லணும். சரியாச் சொல்லிட்டீங்கன்னா, இனிமே காதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். பரீட்சைக்கு வாங்கன்னு கூப்பிடவே மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. தப்பாச் சொன்னா, நாளைக்கே கிளினிக்குக்கு வரணும்."

ஒரு வருஷத்துத் தொல்லை ஒரே மத்தியானத்தில் ஒழிகிறது என்றால் சும்மாவா? "சரி" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவருக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லையே!

மேல் வீட்டில் பிரேக் இருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து, அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்காமல் போயிருந்தது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூடத் தரையை மிதிக்கும். மிதப்பின் குழுவில் அவரும் கிட்டார்தான். மிதப்பு ஓடிப்போய் அவர் காதைக் கடித்தார்.

"மச்சான், ஒரு உதவி. பரீட்சையில நீங்கதான் கிட்டார் வாசிக்கணும். சுருள் மாட்டியிருந்தா காலால தரையில ஒரு தட்டு. பழசுன்னா சும்மா இருங்க. தாளம் போடறீங்கன்னு அவ நினைச்சுக்குவா."

"பொய்யைக் கண்டுபிடிக்கிறதுதானே மாப்ள தங்கச்சிக்கு வேலையே?"

"அது கிளினிக்ல. இது வீடு."

ஊரில் எத்தனையோ கால்கள் இருக்க, மிதப்பு நம்பிய கால் இது.

மத்தியானம் பரீட்சை ஆரம்பமானது. சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி. கையில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி. பின்னால் பிரேக் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். மனைவி ஆம்பின் பக்கத்தில் நின்று திருகுகளை என்னென்னவோ செய்தாள்.

"முதல்ல ஒரு சரிபார்ப்பு. எந்தக் கேபிள்னு சொல்ல வேண்டாம். கிட்டார் கேட்டா டம்ளர்ல ஒரு தட்டு. அவ்வளவுதான். நுணுக்கமாக் கேக்கறதுக்காக ஒரு காதை மூடிக்கறேன்."

அவள் உள்ளங்கை அவருடைய இடது காதை மூடியது. சோப்பு வாசனை வந்தது. சுவரில் வெயில் ஒரு சதுரமாக விழுந்து, திரை அசையும்போதெல்லாம் அதுவும் அசைந்தது. அவள் கை இவ்வளவு நேரம் அவர் கன்னத்தோரம் இருந்து வெகுநாள் ஆகிவிட்டது. தன் இசையை அவள் என்றாவது ஒருநாள் மதிப்பாள் என்று அவருக்குத் தெரியும். இதோ மதிக்கிறாள். மிதப்பு மிதக்க ஆரம்பித்தார்.

ஒரு சுரம் வந்தது. தட்டினார். இன்னும் மெல்லிசாக ஒன்று. தட்டினார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெகுதூரத்திலிருந்து, ஏதோ ஒரு மலைக்கு அப்பாலிருந்து வருகிற மாதிரி ஒரு சுரம். உள்ளம் உருகத் தட்டினார்.

"இப்ப என்னங்க கேட்டுது?"

"ரொம்ப மெல்லிசா ஒண்ணு. மேல்சுரம்."

"அண்ணா கிட்டாரைக் கீழ வெச்சுட்டுத் தண்ணி குடிச்சிட்டு இருக்கார்."

"அது முந்தி வாசிச்சதோட எதிரொலியா இருக்கும்மா."

"இருக்கும், இருக்கும்" என்றாள் அவள் அன்பாக. கையை எடுத்து, வலது காதை மூடினாள். இந்தப் பக்கம் சுரங்கள் இன்னும் அபூர்வமாக வந்தன. நடுவே அவருக்கு ஒரு குட்டித் தூக்கம்கூட வந்தது.

"போதும். இப்பதான் நிஜப் பரீட்சை. எந்தக் கேபிள்னு சொல்லுங்க. வாசிங்க அண்ணா."

சுரம் எழுந்தது. கூடவே தரையில் தொப்பென்று ஒரு மிதி.

"சுருள்!"

"சரி. இப்ப?"

சுரம் மட்டும் வந்தது. மிதி இல்லை.

"பழசு. ஐயோ, கேக்கவே சகிக்கலை."

"அட! இப்ப?"

தொப்.

"சுருள்! என்ன குழைவு பாரு!"

அந்தச் சமயம் தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிறீச்சென்று நிறுத்தினார்கள். மனைவிக்குக் கேட்டது. பிரேக்குக்குக் கேட்டது. பிரேக்கின் காலுக்கும் கேட்டது. அது தொப்பு தொப்பென்று தரையைத் துவைத்தது.

"சுருள்! சுருள்! அடடா, சுருள்!"

மனைவி பிரேக்கின் காலை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏங்க, அண்ணா இன்னும் கம்பியையே தொடலையே?"

மிதப்பு சுவரைப் பார்த்தபடியே இருந்தார். சுவரும் ஒன்றும் உதவவில்லை.

"அண்ணா, தரை சில்லுன்னு இருக்கில்ல? கால் வலிக்கப் போகுது. இந்தத் தலையணையைக் காலுக்குக் கீழ வெச்சுக்குங்க" என்று மனைவி சொன்னது கேட்டது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

அதற்கப்புறம் சுரங்கள் தனியாக வந்தன. துணைக்கு எந்த மிதியும் இல்லை. ஒன்று வந்தது. உருண்டையாக, மொட்டையாக. இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே. சுவரில் வெயில் சதுரம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. என்னவாவது சொல்லித் தொலைக்கலாம். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். ஆனால் அவருக்குச் சட்டென்று அலுத்துவிட்டது. ஒரு வருஷமாக இல்லாத ஒன்றைக் கேட்கிற மாதிரி நடித்து நடித்து அவருக்கு மனசு வலித்தது.

"தெரியலைம்மா" என்றார் மெதுவாக. "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை."

"ஒண்ணாத்தான் கேக்கும்" என்றாள் மனைவி. "ஆரம்பத்துலேர்ந்து நான் சுருளைக் கழட்டவே இல்லை."

மிதப்பு நாற்காலியோடு திரும்பினார். ஆம்பில் கரும்பச்சைச் சுருள் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கேபிள் அலமாரி மேல் சுருட்டி வைத்தபடியே இருந்தது. பிரேக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! கழட்டாமலே வாசிச்சிட்டு இருந்தீங்களா? அப்ப பாதி தடவை தட்டாம இருந்தீங்களே?"

"தங்கச்சிதான் மாப்ள, ஒண்ணு விட்டு ஒண்ணு தட்டுங்கன்னு கண்ணைக் காட்டுச்சு. முன்னாடியே எல்லாத்தையும் கேட்டு வாங்கிடுச்சு."

ஒரு கணம் மிதப்புக்குக் கோபம் வந்தது. அடுத்த கணம் மூளையில் ஒரு பொறி தட்டியது. எழுந்து நின்றார்.

"இரு, இரு! ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொன்னேன்ல? ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப நான் சொன்னது சரி! நான் ஜெயிச்சுட்டேன்!"

"ஜெயிச்சுட்டீங்க."

"வாக்கு மாறக் கூடாது!"

"மாற மாட்டேங்க. இனிமே காதுப் பரீட்சைக்கு வாங்கன்னு கூப்பிடவே மாட்டேன்." அவள் டம்ளரையும் கரண்டியையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அதான் இப்ப முடிஞ்சிடுச்சே. மேல்சத்தம் ரெண்டு காதுலயும் கேக்கறது குறைஞ்சிருக்கு. இடது காதுல கொஞ்சம் அதிகம். மெஷின் பக்கத்துல இத்தனை வருஷம் நின்னா எல்லாருக்கும் வர்றதுதான். நாளைக்குக் கிளினிக்குக்கு வந்து அளவு குடுத்தாப் போதும். துணிக்கு அளவு குடுக்கிற மாதிரி."

மிதப்பு திரும்பவும் உட்கார்ந்தார். பயந்துகொண்டிருந்த வார்த்தை இவ்வளவு சின்னக் குரலில் வந்துவிட்டதே என்று இருந்தது அவருக்கு. திரை ஒரு தடவை உப்பி அடங்கியது.

"அப்ப கிட்டார்?" என்றார்.

"கிட்டாருக்கு என்ன?"

"ஆணியில மாட்டிர வேண்டியதுதானா?"

"யாரு சொன்னா?" அவள் நிஜமாகவே பதறிப்போனாள். பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தாள். "இதுக்காகவா இத்தனை நாள் ஒளிஞ்சிட்டு இருந்தீங்க? காதுக்குப் பின்னால ஒரு சின்ன மெஷின் மாட்டிக்கிட்டா திரும்பவும் கேக்கப்போகுது. நீங்க வாசிக்கணும்கறதுக்குத்தான் நான் இந்தக் கூத்தெல்லாம் அடிக்கிறேன். வாசிக்க வேண்டாம்னா சும்மா விட்டிருப்பேனே!"

அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, "கேபிளையாவது நானே எடுத்தேன்" என்றார் வீறாப்பாக. "அது நல்ல கேபிள்தானே?"

"அருமையான கேபிள். கம்பியை மாத்திட்டீங்க, அடுத்தது கேபிளைத்தான் பழி சொல்லுவீங்கன்னு தெரிஞ்சு, கடைக்காரர்கிட்ட நான்தான் போன வாரமே சொல்லி எடுத்து வெச்சிருந்தேன். அவரோட மாமியாருக்கு நான்தான் காது பாக்கறேன். சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கற கேபிளாப் பாத்துக் குடுங்கன்னு கேட்டேன்."

"மழுக்கறதா? ஏன்?"

மனைவி பிரேக்கைப் பார்த்தாள். பிரேக் தயங்கித் தயங்கி இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவிக் காட்டினார். "கோவிச்சுக்காத மாப்ள. ஒரு வருஷமா உன் வாசிப்புக்கு நாங்க எல்லாரும் இப்படித்தான் வர்றோம்."

மறுநாள் மிதப்பு கிளினிக்குக்குப் போனார். கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. சில நாள் கழித்து, காதுகளுக்குப் பின்னால் இரண்டு சின்ன மெஷின்களோடு வீட்டுக்கு வந்தவர், கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றார். திரையின் வளையங்கள் கம்பியில் கிணுகிணுவென்று பேசிக்கொண்டிருந்தன. எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது. அடுத்த அறையில் வாஷிங் மெஷின் தன் வேலை முடிந்துவிட்டதென்று பொறுமையாகக் கூப்பிட்டது. இத்தனையும் இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்தனவா என்று அவர் வாய் பிளந்து நின்றார்.

சுருளை மாட்டினார். ட்ரெபிள் திருகு வழக்கம்போலக் கடைசியில்தான் நின்றது. கம்பியைத் தொட்டார். தொட்டவர் ஒரு முழம் எம்பிக் குதித்தார்.

"ஐயோ! என்ன இது, பல்லெல்லாம் கூசுது?"

"ஒரு வருஷமா இதுதாங்க" என்றாள் மனைவி.

திருகைப் பயபக்தியோடு திருப்பிக் குறைத்தார். இன்னும் குறைத்தார். அப்புறம் மேல்சுரக் கம்பியை மறுபடி தொட்டார். சுரம் எழும்பியது, நின்றது, அடங்கப்போனது. அப்போது அதன் நுனியில் மினுக்கம் தெறித்தது. கொஞ்சம் மென்மையாக, சுருளுக்குள் சுற்றி வந்த களைப்போடு, ஆனால் அதேதான். மிதப்பு திரும்பத் திரும்ப அதையே தொட்டார். மனைவி வேலையை விட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். அவருக்கு வயது பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆண்டு விழாவில் தனி வாசிப்பு நன்றாக நடந்தது. மேலாளருக்குக் கண் கலங்கவில்லை. ஆனால் எழுந்து நின்று கை தட்டினார். முக்கியமாக, குழுவில் யார் காதிலும் பஞ்சு இல்லை.

மறுநாள் காலை மிதப்பு அந்த மிதப்பிலேயே சோபாவில் சாய்ந்திருந்தார். குளித்துவிட்டு வந்த ஈரத் துண்டு சோபாவின் கைப்பிடியில் கிடந்தது. மனைவி ஆரம்பித்தாள். துண்டில் ஆரம்பித்து, செருப்பு, வாஷிங் மெஷின், மச்சினன் வந்தபோது இவர் தூங்கிப்போனது என்று அது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இதற்குமுன் இவ்வளவு தெளிவாக அவர் அதைக் கேட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தும் மினுக்கியது. அப்போது அவருக்கு ஒரு பேரானந்தமான யோசனை வந்தது. காதுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறதே! சொறிந்துகொள்கிற மாதிரி விரலைக் கொண்டுபோய், அமுக்கினார்.

குரல் குறையவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். குரல் முன்னைவிடப் பெரிதாகி, இரண்டு காதுக்கும் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மனைவி எதிரே நின்றாள். கையில் அவளுடைய போன் இருந்தது. கட்டைவிரல் திரையில் மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் பொத்தான் வேலை செய்யாதுங்க. கூட்டறது குறைக்கறது எல்லாத்தையும் என் போனுக்கு மாத்திட்டேன். துண்டை எடுங்க."